யார் வீட்டுக் கட்டம்?

அன்புள்ள கதிருக்கு,

போனில் உன்னிடம் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடிவதில்லை. நான் ஆரம்பிக்கும்போது உனக்கு பஸ் வந்துவிடும். இல்லையென்றால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து "அங்க குளிர் எப்படிடா" என்று கேட்டு என் பேச்சை வெட்டிவிடுவார். அதனால்தான் இந்தக் கடிதம். கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள் நான்; விடையை மட்டும் எழுதிவிட்டு வழிமுறையை விட்டுவிட்டால் எனக்கே மார்க் போட மனம் வராது. ஆடி மாதம் அங்கே நடக்கப்போகும் கல்யாணத்தில் நீ எந்தத் துணியை உடுத்தப்போகிறாய் என்பதைப் பற்றி இந்த வீட்டில் ஒரு மாதமாக நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதில் பாதி உனக்குத் தெரியாது. தெரியாத பாதிதான் முக்கியம்.

தை மாதம் இங்கே முகூர்த்தம் முடிந்து நீயும் ஐலாவும் ஊர் திரும்பிய பிறகு, ஸ்காட்லாந்தில் அவர்கள் முறைப்படியும் ஒரு கல்யாணம் என்று முடிவானபோது இங்கே யாருக்கும் ஆட்சேபணை இல்லை. தேதி ஆடியில் விழுகிறதே என்று உன் அப்பா மட்டும் முணுமுணுத்தார். "தாலி கட்டியாச்சுங்க. இது ஒரு ரிசப்ஷன் மாதிரின்னு வச்சுக்கங்க" என்றேன். சமாதானமானார். அதற்குப் பிறகுதான் நீ அந்தப் படங்களை அனுப்பினாய். அங்கே மாப்பிள்ளை கில்ட் கட்டுவதுதான் வழக்கம். கம்பளித் துணி, இடுப்பைச் சுற்றி முழங்கால் வரை வரும், பின்பக்கம் கொசுவம் வைத்துத் தைத்திருப்பார்கள் என்றாய். துணியில் ஓடும் கட்டத்துக்கு டார்ட்டன் என்று பெயர், அங்கே குடும்பத்துக்குக் குடும்பம் கட்டம் வேறு, கடைக்காரர் "உங்கள் குடும்பத்துக் கட்டம் எது" என்று கேட்க, நீ பதில் தெரியாமல் வெளியே வந்துவிட்டாய். உனக்கு மூன்று வழி இருந்தது. யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளும் பொதுவான கட்டம் ஒன்று. ஐலாவின் அப்பா இயன், "எங்கள் வீட்டுக் கட்டத்தையே கட்டிக்கொள்ளேன்" என்று சொன்னது ஒன்று. புதிதாக நமக்கென்று ஒரு கட்டம் நாமே போட்டு நெய்யக் கொடுப்பது மூன்றாவது. "எதை எடுக்கட்டும்மா?" என்று கேட்டுவிட்டு நீ போனை வைத்துவிட்டாய்.

உன் அப்பா முழங்கால் தெரிகிறதே என்றுதான் சண்டை போடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். நீயும் அப்படித்தான் பயந்திருப்பாய். அவரோ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பால்கனி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. காத்தோட்டமா இருக்கும்" என்றார். இரண்டாவது படத்துக்கு வந்தபோதுதான் முகம் மாறியது. கரும்பச்சையும் நீலமும், நடுவில் மெல்லிய சிவப்புக் கோடும் உள்ள அந்தக் கட்டம் இயன் வீட்டுக் கட்டம் என்று நான் படித்துச் சொன்னேன்.

"அவங்க வீட்டு அடையாளத்த இவன் ஏன் கட்டணும்?"

"அவங்க ஊர்ல கல்யாணம். அவங்க பொண்ணு. ஆசையா சொல்றாரு."

"ஆசையா சொல்றாரு, சரி. இவன் அத இடுப்புல சுத்திக்கிட்டு நின்னா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? இந்தப் பையனுக்கு வீடு வாசல் ஒன்னும் இல்ல, இவங்க வீட்டுக்கே வந்துட்டான்னு நினைப்பாங்க. வீட்டோட மாப்பிள்ளையா அனுப்பறதுக்கா நான் இவன வளர்த்தேன்?"

"அந்த ஊர்ல அப்படியெல்லாம் நினைக்க மாட்டாங்க."

"எந்த ஊரா இருந்தா என்ன. நான் வரல. நீ வேணும்னா போயிட்டு வா."

விசா வந்து, கம்பளிக் கோட்டு வாங்கி, அதைத் திருச்சி வெயிலில் போட்டுப் பார்த்து வியர்த்து விறுவிறுத்த மனிதர் "நான் வரல" என்றார். அன்று சாயங்காலம் அவரே உனக்குப் போன் போட்டார். என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் இருந்தேன். அவர் ஒரு வார்த்தைகூடக் கோபமாகச் சொல்லவில்லை. "நமக்குன்னு ஒன்னு இருந்தா நல்லாருக்கும்ப்பா" என்று மட்டும் சொன்னார். நீ உடனே "சரிப்பா, புதுசாவே போட்டுக்கலாம், நான் இயன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாய். அப்பா மனம் நோகக்கூடாது என்று நீ நினைத்தது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டே நிமிடத்தில் எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டதாக நாம் மூன்று பேரும் நினைத்தோம். கட்டம் போடுகிற வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

அந்த வேலை எனக்குப் பிடித்துப்போய்விட்டது, கதிர். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சமச்சீர் சொல்லிக்கொடுத்தேன். பட்டாம்பூச்சியையும் கோலத்தையும் விட்டால் வேறு உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. டார்ட்டன் முழுக்க முழுக்கச் சமச்சீர். கோடுகள் ஒரு வரிசையில் போய், ஓரிடத்தில் திரும்பி, அதே வரிசையில் பின்னால் வருகின்றன. நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் என்ன வரிசையோ அதேதான் குறுக்கே ஓடும் ஊடு நூலிலும். கிராஃப் தாளை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் குக்கர் விசில் அடித்தது கூடக் காதில் விழாமல் போனது. ஆனால் தாளில் கலர் பென்சிலால் போட்டால் போதாது, நூலில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. உன் கல்யாணப் பத்திரிகை வந்த அட்டைப் பெட்டியில் ஒரு பக்கத்தை வெட்டி, விளிம்பில் பல் பல்லாக நறுக்கி, எம்பிராய்டரி நூலை அதில் இழுத்துக் கட்டி, ஊசியில் ஊடு நூலைக் கோத்து உள்ளங்கை அளவுக்கு நெய்தேன். நூல் வாங்கச் சின்னக்கடை வீதிக்குப் போனபோது உன் அப்பாவும் வந்தார். கடைப் பெண் "என்னம்மா தைக்கப் போறீங்க, பேத்திக்கா?" என்று கேட்டாள். "பையனுக்குப் பாவாடை" என்றேன். உன் அப்பா பக்கத்துப் பாத்திரக் கடையில் இட்லிக் கொப்பரை விலை விசாரிக்கப் போய்விட்டார்.

என்ன நிறம் போடுவது என்பதில்தான் சிக்கல். நமக்குக் குடும்ப நிறம் என்று எது இருக்கிறது? உன் அப்பாவைப் பெற்றவர் மானம் பார்த்த பூமியிலிருந்து பொன்மலை ரயில்வே வேலைக்கு வந்தவர். அதற்கு முன்னால் யார், எந்த ஊர் என்று கேட்டால் உன் அப்பாவுக்கு அரை நிமிடத்துக்கு மேல் சொல்லத் தெரியாது. "நம்ம பரம்பரை குவார்ட்டர்ஸ்லேர்ந்து ஆரம்பிக்குது" என்பார். என் பக்கம் தொட்டியம், வாழைத் தோட்டம். ஆகவே இளம் வாழைக் குருத்தின் பச்சை ஒன்று எடுத்துக்கொண்டேன். ரயிலுக்காக ஒரு நீலம். இரண்டையும் நெய்து மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் உன் அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இது என்ன நீலம்?" என்றார்.

"ரயில் பெட்டி நீலம்."

"இதுவா? ரயில் பெட்டி என்னைக்கு இந்தக் கலர்ல இருந்துச்சு? இது பொம்பளப் பிள்ளைங்க ஸ்கூல் யூனிஃபார்ம் கலரு. நான் இருபத்தெட்டு வருஷம் ரயில்வே பெயிண்ட் ஷாப்ல நின்னவன், என் வீட்லயே இப்படி ஒரு நீலத்தப் போட்டா எப்படி?"

மறுநாள் காலை எனக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அதே நூல் கடையில் இருந்த நீலக் கண்டு அத்தனையையும் மேஜையில் பரப்பச் சொல்லி, ஒவ்வொன்றாக வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் ஒன்றைப் பிடித்தார். அதைப் பார்த்ததும் எனக்கு உன் கைதான் ஞாபகம் வந்தது. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஆயுத பூஜைக்கு ஒர்க்‌ஷாப்பைப் பார்க்க உன்னைக் கூட்டிப் போனாரே. பழைய அரக்கு நிறம் போய்ப் பெட்டிகளுக்கு நீலம் அடிக்கத் தொடங்கியிருந்த காலம். பூஜைக்கு முந்தின நாள் அடித்த பெட்டி இன்னும் முழுதாகக் காயாமல் நின்றது. "தொடாதே" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, நீ உள்ளங்கையை அப்படியே அதன் மேல் பதித்துவிட்டாய். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகாமல் நீலக் கையோடு ஸ்கூலுக்குப் போனாய். பெட்டியில் பதிந்த உன் கையைச் சரிசெய்ய உன் அப்பா பண்டிகை நாளில் மறுபடி பிரஷ்ஷைத் தூக்கினார். வீட்டுக்கு வந்து திட்டுவார் என்று நினைத்தேன். "அஞ்சு விரலும் தெளிவா விழுந்திருந்துச்சு, அழிக்க மனசே வரல" என்றார். அந்த நீலம்தான் இப்போது கிடைத்தது. அதற்குப் பிறகு கட்டம் என் கையை விட்டு அவர் கைக்குப் போய்விட்டது. "நான் வரல" என்று சொன்னதை அவரும் மறந்தார், நானும் ஞாபகப்படுத்தவில்லை.

காவிரிக்கு என்ன நிறம் என்று இரண்டு நாள் பேசினோம். நான் ஒரு தெளிந்த பச்சை கலந்த நீலத்தைச் சொன்னேன். அவர் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக் காவிரிப் பாலத்துக்குக் கூட்டிப் போய் நடைபாதையில் நிற்க வைத்தார். மேட்டூரில் இன்னும் தண்ணீர் திறக்கவில்லை. கீழே கண்ணுக்கெட்டின தூரம் மணல். நடுவில் மட்டும் ஒரு ஓடை. "பாத்து சொல்லு, இது என்ன கலர்? இல்லாததைப் போட்டா அது பொய்க் கட்டம்" என்றார். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே போனான். சரி, மணல் நிறமே அடித்தளம் என்று ஒத்துக்கொண்டேன். நெய்து பார்த்தபோது அவர் சொன்னதுதான் சரி. மணல் நிறத்தின் மேல் அந்த நீலமும் வாழைப் பச்சையும் அவ்வளவு நன்றாக எடுத்துக் கொடுத்தன. பழைய பெட்டியின் அரக்கு நிறத்தில் ஒரு மெல்லிய கோடு வேண்டும் என்று அவரே கேட்டுச் சேர்த்தார். மேல் வீட்டு மாமி ஒரு நாள் புளியோதரை கொடுக்க வந்தவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "பெருமாள் க்ஷேத்ரத்துல இருந்துண்டு பீதாம்பர வர்ணம் இல்லாம எப்படி? ஒரே ஒரு இழை மஞ்சள் போடுங்கோ, குழந்தைக்கு க்ஷேமம்" என்றார். "இது துணியா, பஞ்சவர்ணக் கிளியா" என்று உன் அப்பா மாமி போன பிறகு முறைத்தார். ஆனால் அடுத்த நாள் பார்த்தால் ஓரிடத்தில் ஒரு இழை மஞ்சள் ஏறியிருந்தது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. முடித்து உனக்குப் படம் அனுப்பினோம். நீ "சூப்பர்" என்று பதில் போட்டாய். நெய்யக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத பாதி. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், உன் அப்பா சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரத்தில் ஐலா என்னை வீடியோவில் கூப்பிட்டாள். "அத்தை" என்று அவள் கூப்பிடும்போது அந்த 'த்' மட்டும் ஏதோ கூழாங்கல்லைப் பல்லில் கடித்த மாதிரி விழும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். மற்றதெல்லாம் ஆங்கிலம். கட்டம் அழகாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னாள். கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசினாள். அப்புறம், "ஒன்று சொல்ல வேண்டும். கதிரிடம் சொன்னால் உடனே எல்லாவற்றையும் மாற்றிவிடுவார், அதனால் உங்களிடம் சொல்கிறேன்" என்றாள்.

இயன் தை மாதம் நம் ஊரிலிருந்து திரும்பிய வாரமே நெசவாலைக்குப் போய்த் தன் வீட்டுக் கட்டத்தில் உனக்காகக் கில்ட் துணி எடுத்து வந்திருக்கிறார். உன்னிடம் கேட்பதற்கு முன்பே எடுத்துவிட்டார். பழுப்புக் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறார். நீ மரியாதையாக "வேண்டாம், எங்கள் வீட்டிலேயே செய்கிறார்கள்" என்று சொன்னபோது அவர் "அதுதான் சரி, மிகவும் நல்லது" என்றாராம். அன்றிலிருந்து அதைப் பற்றிப் பேச்சே இல்லை. வேலிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறாராம். போன வருஷம்தான் அடித்த வேலி.

"அப்பாவுக்கு உங்கள் மேல் வருத்தம் எதுவும் இல்லை, அத்தை. அவருக்குப் பேச வராது. படகு ஓட்டியே காலத்தைக் கழித்தவர். அம்மா இருந்தவரை அவருக்கும் சேர்த்து அம்மாதான் பேசுவார்கள். திருச்சியில் கல்யாணம் முடிந்து விமானத்தில் வரும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். 'அவர்கள் எல்லாம் கொடுத்தார்கள். நான் என்ன கொடுத்தேன்?' என்று. அதற்குத்தான் அந்தத் துணி" என்றாள் ஐலா. நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இயன் மண்டபத்தில் நின்றது என் கண்ணுக்குள் வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் அவர் உன் அப்பாவிடம் வந்து, நான் என்ன கொண்டுவர வேண்டும், உங்கள் வழக்கத்தில் பெண்ணின் தகப்பன் என்ன செய்வார் என்று ஐலாவை விட்டுக் கேட்டார். உன் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு "ஒன்னுமே வேணாங்க. நீங்க இவ்வளவு தூரம் வந்ததே போதும்" என்றார். அடுத்த நாளும் கேட்டார். அப்போதும் அதே பதில். கூறைப் புடவை நாம் எடுத்தோம், உன் வேட்டியும் நாமே எடுத்தோம், மாலை, தாம்பூலம், இயன் கட்டியிருந்த வேட்டிகூட நாம் எடுத்ததுதான். அவ்வளவு உயரமான மனிதர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு மணமேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏதாவது எடுத்துத் தரச் சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. பெண் வீட்டில் எதுவும் கேட்காமல் பிள்ளைக்குக் கல்யாணம் செய்தேன் என்பதில் உன் அப்பாவுக்குப் பெருமை. எனக்கும் அந்தப் பெருமை உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கேட்டு வாங்குவது ஒன்று, ஆசையாகக் கொடுப்பதை வாங்கிக்கொள்வது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை நாங்கள் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

உன் அப்பா எழுந்து காபி குடித்ததும் சொன்னேன். ஐலா சொன்னதை அப்படியே சொன்னேன்; என் கருத்தாக எதையும் சேர்க்கவில்லை. டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "நம்ம கல்யாணத்துல நான் கட்டியிருந்த வேட்டி யார் எடுத்தது?" என்று கேட்டார்.

"எங்க அப்பாதான். மாப்பிள்ளைக்குப் பொண்ணு வீட்லதானே எடுப்பாங்க."

"அதான் கேட்டேன். தொட்டியத்துலேர்ந்து பஸ் ஏறி வந்து, என்னையும் கடைக்குக் கூட்டிட்டுப் போயி, கரை பிடிச்சிருக்கா, கரை பிடிச்சிருக்கான்னு நாலு தடவ கேட்டாரு. எனக்கு அந்தக் கரை பிடிக்கவே இல்ல. ஆனா அவரு மூஞ்சியப் பாத்துட்டு பிடிச்சிருக்குன்னு சொன்னேன். அவரு எடுத்த வேட்டியக் கட்டினதால நான் உங்க வீட்டோட மாப்பிள்ளை ஆயிட்டேனா?"

காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

"சம்பந்தி மாப்பிள்ளைக்குத் துணி எடுத்துருக்காரு. முறையாத்தான் செஞ்சுருக்காரு. நம்ம வழக்கம் நம்மள விட அவருக்குத் தெரிஞ்சுருக்கு" என்றார். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு, லுங்கியை மாற்றி வேட்டி கட்டி, சட்டையும் போட்டுக்கொண்டு வந்தார். "போனப் போடு. அவர்கிட்ட நானே பேசறேன்."

அங்கே அப்போது மத்தியானம். இயன் சமையலறையில் உட்கார்ந்திருந்தார், விரலில் வேலியின் பச்சைப் பெயிண்ட். உன் அப்பாவின் ஆங்கிலம் உனக்குத் தெரியும். இயன் பேசுகிற ஆங்கிலமோ எந்த டிவியிலும் நாங்கள் கேட்டதில்லை. முதலில் இரண்டு பேரும் வெயிலையும் மழையையும் பற்றிப் பேசினார்கள். உன் அப்பா அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு "எனாமலா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் அவர். ஒரு கோட்டிங்கா, இரண்டு கோட்டிங்கா என்று அது கொஞ்ச நேரம் போனது. நான் பக்கத்திலிருந்து முழங்கையால் இடித்தேன். பிறகு உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாக, ஆங்கிலத்தில் இதைச் சொன்னார்: "எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்குக் கல்யாணத் துணி எடுத்துக் கொடுப்பது பெண்ணின் அப்பா. தை மாதம் நான் உங்களை எடுக்க விடவில்லை. அது என் தவறு. என் பையன் உங்கள் வீட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு நின்றால் எனக்குச் சந்தோஷம். கொடுப்பீர்களா?"

இயன் எங்களையே பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார். திரையில் காலி நாற்காலியும் ஜன்னலும்தான் தெரிந்தன. "என்னம்மா, தப்பா எதாவது சொல்லிட்டேனா?" என்று உன் அப்பா என்னிடம் கிசுகிசுத்தார். எங்கேயோ அலமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வந்தபோது கையில் அந்தப் பழுப்புக் காகிதப் பொட்டலம். இன்னொரு கையில் அளவு டேப். மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தெளிவாகப் புரிந்தது. "பையனுக்கு இடுப்பு அளவு என்ன?"

ஆகவே கதிர், நீ கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: இயன் வீட்டுக் கட்டம். புதுக் கட்டம் வீணாகிவிட்டதே என்று நினைக்காதே. அதை உன் அப்பா விடுவதாக இல்லை. கிராஃப் தாளையும் நூல் நெய்த அட்டையையும் இதனோடு வைத்துக் கூரியரில் அனுப்புகிறேன். அங்கேயே நல்ல ஆலையில் கொடுத்து, கில்ட் துணியாக வேண்டாம், கனமில்லாத கம்பளியில் அகலமான சால்வையாக நெய்து வாங்கி வை. சம்பந்திக்குப் பொன்னாடை. கல்யாணத்தன்று எல்லாருக்கும் முன்னால் உன் அப்பாவே அவருக்குப் போர்த்தப் போகிறார். இப்போதே என் பழைய புடவையை எடுத்து நாற்காலிக்குப் போர்த்திப் போர்த்திப் பார்க்கிறார். அவ்வளவு உயரத்துக்குக் கை எட்டுமா என்பதுதான் இப்போதைய கவலை. ஐலாவிடம் சொல்லிக்கொள், இயனிடம் மூச்சு விடாதே. நீலம் மட்டும் அட்டையில் இருக்கிற நீலமாகவே வர வேண்டும். வேறு நீலத்தில் வந்தால் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

உனக்கு நான் புத்தி சொல்லி ரொம்ப நாளாகிறது, ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நம் மூன்று பேருக்குமே யார் எதைக் கொடுத்தாலும் வாய் முந்திக்கொண்டு "வேண்டாம்" என்று சொல்லும். யாருக்கும் சிரமம் வைக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வருவதுதான். நீ ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து நான் கட்டிக்கொடுத்த பருப்புப் பொடியை எத்தனை தடவை பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்திருக்கிறாய் தெரியுமா? நீ பஸ் ஏறிய பிறகு அந்தப் பொடியைத் திரும்ப டப்பாவில் கொட்டும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று நீ யோசித்திருக்க மாட்டாய். அது யோசிக்கிற வயதும் இல்லை. இப்போது உனக்கென்று ஒரு வீடு. அங்கே இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் எதையாவது தூக்கிக்கொண்டு வந்துகொண்டே இருப்பார்கள். பாதி உனக்குப் பிடிக்காது. கொடுப்பவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகு வாயைத் திற.

அடுத்த வாரக் கடைசியில் உன் மாமனார் அளவு எடுக்க வருகிறாராம். உன் பேன்ட் அளவைப் போனிலேயே சொல்லி அவர் பயணத்தை மிச்சப்படுத்திவிடாதே. கில்ட் தொப்புளுக்கு நேராகக் கட்டுவதாம், பேன்ட் அளவு உதவாதாம்; அப்படி உதவினாலும் சொல்லாதே. அவர் வரட்டும். டேப்பைச் சுற்றும்போது கையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நில். வயிற்றை எக்காதே. அவர் இரண்டாம் தடவை அளக்க வேண்டும் என்றாலும் அளக்க விடு.

அன்புடன்,
உன் அம்மா